நாட்டை நகைக்க வைத்த நங்கை

காண்போரை அழவைத்தல் எளிது, நகைக்க வைத்தலே அரிது என்பது நாடகக் கலையில் தோய்ந்தோர் யாவரும் ஒப்பும் உண்மை. அழகையே முதலாகக் கொண்டு வாணிகம் நடத்தும் ஹொலிவூட் உலகில், ஒரு பெண் தன் அழகைத் தானே குலைத்துக்கொண்டு, கன்னம் புடைக்க வாய் நிறையச் சொக்கலேட்டை அடக்கியவளாய் நின்று பிறரைச் சிரிக்க வைக்க முன்வருவது அதனினும் அரிது. அவ்வாறு முன்வந்து, ஒரு தேசத்தையே பல்லாண்டு காலம் தம் வசப்படுத்தி வைத்திருந்தவர் லூசில் போல் அம்மையார்.

1951ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 15ஆந் திகதி, திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, 'ஐ லவ் லூசி' என்னும் அவரது தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதல் ஒளிபரப்பாயிற்று. அதன்பின் திங்கட்கிழமை இரவென்றால் மக்கள் வீட்டை விட்டு வெளியேற மறுத்தனர். சிக்காகோ நகரின் பெரிய அங்காடி ஒன்று, அன்றிரவு கடை திறந்து வைப்பதில் பயனில்லை எனக் கண்டு, தன் இரவு விற்பனையை வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டது.

அத்தொடரில் அவர் ஏற்ற வேடம், மேடையேறிப் புகழ்பெறத் துடித்து, கணவனுக்குத் தெரியாமல் சூழ்ச்சிகள் செய்து, ஒவ்வொரு முறையும் கையுங்களவுமாக அகப்பட்டுக்கொள்ளும் ஓர் இல்லத்தரசியின் வேடம். அந்த அசட்டுப் பெண்ணாக நடித்தவரோ, பின்னாளில் அமெரிக்காவின் பெருந் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றைத் தலைமை தாங்கி நடத்திய முதற் பெண்மணி. அந்நிலையை அவர் எய்திய வரலாறு நம் இல்லங்களிலுள்ள பெண்மக்கள் அறிந்திருக்க வேண்டியதாகும்.

தந்தையற்ற சிறுமி

லூசில் போல் 1911ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆந் திகதி நியூயோர்க் மாநிலத்தின் ஜேம்ஸ்ரவுண் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் தொலைபேசிக் கம்பி கட்டும் தொழிலாளி. 1915ஆம் ஆண்டு பெப்ரவரியில் நெருப்புக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது குழந்தைக்கு வயது மூன்று. தாயார் இரண்டாவது குழந்தையை வயிற்றிற் சுமந்திருந்தார். பின்னர் அயலூரான செலரோனில், தாய்வழிப் பாட்டனாரின் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தனர். பாட்டனார் பொதுவுடைமைக் கொள்கையிற் பற்றுடையவர். பேரப்பிள்ளைகளை ஆடல் பாடல் கலந்த மேடைக் காட்சிகளுக்கு அழைத்துச் செல்வதிலும் விருப்புடையவர். அவரது இவ்விரு குணங்களும் பின்னாளில் பேர்த்தியின் வாழ்வைத் தொட்டன. ஒன்று வாழ்வு தந்தது, மற்றொன்று அதனைப் பறிக்கப் பார்த்தது.

1927ஆம் ஆண்டில் அக்குடும்பத்தின் மீது பேரிடி ஒன்று விழுந்தது. வீட்டு வளவிற் சிறுவர்கள் துப்பாக்கியாற் குறிபார்த்துச் சுட்டுப் பழகுகையில், தவறிப் பாய்ந்த குண்டு அயல்வீட்டுச் சிறுவன் ஒருவனை நடக்கவியலாதவனாக்கிற்று. வழக்கு மன்றேறிற்று, பாட்டனார் வீட்டையும் சேமிப்பையும் இழந்தார். தமதென்று சொல்ல ஒரு கூரை இல்லாமற் போவது யாதென்பதைப் பதினைந்து வயதில் அறிந்தவர் லூசில். பின்னாளில் எதனையும் வாடகைக்கன்றிச் சொந்தமாகவே வைத்திருக்க அவர் விரும்பியமைக்கு அந்நிகழ்ச்சியும் ஒரு காரணமாகலாம்.

அக்காலத்தே நியூயோர்க் நகரின் நாடகப் பள்ளியொன்றில் அவரைச் சேர்த்தனர். உடன் பயின்றோருள் பெற் டேவிஸும் ஒருவர். ஆசிரியர்களின் பாராட்டெல்லாம் டேவிஸுக்கே சென்றது. லூசிலோ கூச்சத்தால் வாய் திறவாதவர், நடிப்புக்கு ஏற்றவரல்லர் என்று கூறி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மீண்டும் நகருக்குச் சென்று, ஆடை விற்பனை நிலையங்களில் உடுத்துக்காட்டும் வேலை செய்து பிழைத்தார். அந்நேரம் மூட்டுவாதம் போன்ற கொடிய நோய் கால்களைப் பற்ற, நெடுங்காலம் ஊரிற் படுத்திருந்து, மறுபடி நடக்கப் பழகவேண்டியவரானார்.

இரண்டாந்தரப் படங்களின் அரசி

1933ஆம் ஆண்டில், 'ரோமன் ஸ்கண்டல்ஸ்' என்னும் படத்திற்கு ஆடும் பெண்களுள் ஒருத்தியாக ஹொலிவூட் சென்றார். சில கிழமை வேலைக்கென்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் ஒப்பந்த நடிகையாகி, கிடைத்த வேடத்தையெல்லாம் ஏற்றார். 1937இல் வெளிவந்த 'ஸ்ரேஜ் டோர்' அவரைச் சற்றே வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. 1942இன் 'த பிக் ஸ்ட்ரீற்' படத்தில் கடுமனம் படைத்த பாடகியாக அவர் காட்டிய நடிப்பு, துயர வேடமும் அவருக்குக் கைவரும் என்பதற்குச் சான்று. எனினும், முதல்தரப் படங்களின் முதன்மை வேடம் வேறெவருக்கோ போய்க்கொண்டேயிருந்தது. சிறு செலவிற் செய்யப்படும் இரண்டாந்தரப் படங்களின் அரசி என்று அவரை அழைத்தனர். நாற்பது வயதை நெருங்கும் நடிகைக்கு அப்பட்டம் ஓய்வுச் சீட்டுக்குச் சமம்.

இதனிடையே 1940இல் ஒரு படப்பிடிப்பின்போது டெசி ஆர்னாஸ் என்னும் கியூப நாட்டு இளைஞரைச் சந்தித்தார். ஆர்னாஸின் தந்தையார் சந்தியாகோ நகரின் நகரபிதாவாக இருந்தவர். 1933ஆம் ஆண்டுப் புரட்சியில் குடும்பம் அனைத்தையும் இழந்து மயாமிக்கு ஓடிவந்தது. அங்கு எடுபிடி வேலைகள் செய்து, பின்னர் இசைக்குழுத் தலைவராக உயர்ந்தவர் டெசி. அவர் மணமகளை விட ஆறு வயது இளையவர். அவ்வாண்டு நவம்பர் 30ஆந் திகதி இருவரும் மணம் புரிந்தனர். அவர் இசைக்குழுவுடன் ஊரூராய்ச் செல்ல, இவர் ஹொலிவூட்டில் தனித்திருக்க, இல்லறம் தொலைபேசியிலேயே நடந்தது. 1944இல் விவாகரத்துக்கு விண்ணப்பித்து, பின் மனம் மாறிக் கூடினர்.

கணவர் யார்?

1948 முதல் வானொலியில் 'மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்' என்னும் தொடரில் லூசில் நடித்து வந்தார். அதனைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர சி.பி.எஸ். நிறுவனம் விரும்பிற்று. கணவர் வேடம் டெசிக்குத் தரப்பட்டாலன்றி நடிப்பதற்கில்லை என்றார் லூசில். நிறுவனத்தார் தயங்கினர். அந்நிய உச்சரிப்புடன் ஆங்கிலம் பேசும் கியூபர் ஒருவர் செந்தலை அமெரிக்கப் பெண்ணின் கணவர் என்றால் மக்கள் நம்பார் என்பது அவர்கள் வாதம். தாம் பத்தாண்டாக அக்கியூபரின் மனைவியாகவே வாழ்ந்து வருவதை அம்மையார் எடுத்துக்காட்டியும் பயனில்லை. ஆகவே தம்பதிகள் 1950இல் தம் பெயர்களை இணைத்து 'டெசிலு' என்னும் கம்பனியைத் தொடங்கி, நகைச்சுவைக் காட்சியொன்றை ஆக்கி, நகர்தோறும் மேடையேற்றினர். அரங்குகளில் எழுந்த கரவொலி சி.பி.எஸ். நிறுவனத்தின் ஐயத்தைத் தீர்த்து வைத்தது.

அடுத்து இடம் பற்றிய பிணக்கு எழுந்தது. அந்நாளில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயோர்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பப்பட்டன. தூரத்து நகரங்களுக்கு, திரையிலே தோன்றும் காட்சியை மறுபடியும் படம்பிடித்த மங்கலான பிரதியே கிடைக்கும். கலிபோர்னியாவை விட்டு நகரத் தம்பதிகள் மறுத்தனர். கிழக்குக் கரையினர்க்கு மங்கற் பிரதியைக் காட்ட, பணமளிக்கும் சிகரெட் கம்பனி மறுத்தது. இதற்குத் தீர்வாகவே, தொடரை உயர்தரமான 35 மில்லிமீற்றர் படச்சுருளிற் பிடிப்பதென முடிவாயிற்று. ஆனால் லூசிலின் நடிப்பு சபையின் சிரிப்பைக் கேட்டால்தான் மலரும். ஆகையால் ஏறத்தாழ முந்நூறு பேரை அமர்த்தி, நாடகம் போலத் தொடக்கம் முதல் இறுதி வரை நடித்து, மூன்று கமராக்களால் ஒரே வேளையிற் படம்பிடித்தனர். ஒளியமைப்பை ஏற்றவர், ஜெர்மனியில் 'மெட்ரோபொலிஸ்' படத்தின் ஒளிப்பதிவாளர்களுள் ஒருவராய் விளங்கிய கார்ல் பிரயண்ட். எந்தக் கமரா எத்திசையிலிருந்து நோக்கினும் நிழல் விழாதவாறு மேலிருந்து சமச்சீராக ஒளி பரப்பினார் அவர். பின்வந்த எண்ணற்ற நகைச்சுவைத் தொடர்கள் இம்முறையையே கைக்கொண்டன.

படச்சுருளுக்குச் செலவு மிகுதி. அதனை ஈடுசெய்யத் தம்பதிகள் தம் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள இசைந்தனர். ஆனால் எடுக்கப்பட்ட படங்கள் தமக்கே சொந்தமாக வேண்டும் என்று எழுதி வாங்கினர். ஒருமுறை காட்டிய நிகழ்ச்சியை மறுமுறை யார் பார்ப்பர் என்று கருதிய நிறுவனத்தார் தயங்காமல் ஒப்பமிட்டனர். தொலைக்காட்சி வரலாற்றில் இத்துணை இலாபந் தந்த கையொப்பங்கள் சிலவே.

பேதைமையும் பயிற்சியும்

நகை பிறக்கும் நிலைக்களன்களுள் பேதைமையையும் மடனையும் சேர்த்து எண்ணினார் நம் தொல்காப்பியர். லூசி என்னும் பாத்திரத்தில் இவ்விரண்டும் குறைவின்றி நிறைந்திருந்தன. 1952இல் ஒளிபரப்பான ஒரு கதையில், சொக்கலேட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரும் லூசியும் தோழி எதெலும், ஓடும் பட்டியில் வரும் இனிப்புக்களைத் தாளிற் சுற்ற வேண்டும். பட்டியின் வேகம் கூடக் கூட, சுற்ற முடியாதவற்றை வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணித்துக்கொள்கின்றனர். இன்றைய குழந்தைகளும் அக்காட்சியைக் கண்டு விழுந்து விழுந்து சிரிப்பர்.

அந்தப் பேதைமை கணத்திலே தோன்றியதன்று. மெட்லின் பியூ, பொப் கரோல் முதலிய எழுத்தாளர்கள் அசைவு ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்தனர். லூசில் அவற்றை நாட்கணக்கில் ஒத்திகை பார்ப்பார். கையாளும் பொருள் எதுவாயினும் அதன் எடையும் இயல்பும் பழகும்வரை விடமாட்டார். மௌனப் பட மேதை பஸ்ரர் கீற்றனிடம் பொருள்களைக் கையாளும் நுட்பத்தை முன்னரே கற்றிருந்தார். எதெலாக நடித்த விவியன் வான்சும், அவர் கணவராக வந்த வில்லியம் பிரோலியும் தொடரின் மற்றிரு தூண்கள்.

சொல்லக் கூடாத சொல்

1952இல் லூசில் மீண்டும் கருவுற்றார். கருவுற்ற பெண்ணைத் தொலைக்காட்சியிற் காட்டுவதே அடாது எனக் கருதிய காலம் அது. நாற்காலிக்குப் பின் மறைந்து நிற்கச் சொல்லலாமா என்றுகூட ஆலோசித்தனர். தம்பதிகளோ, கதையில் வரும் லூசியும் தாயாகட்டும் என்றனர். ஒரு கத்தோலிக்கக் குருவும், ஒரு புரட்டஸ்தாந்து போதகரும், ஒரு யூத குருவும் கதைகளைப் படித்து ஒப்பிய பின்னரே அவை படமாக்கப்பட்டன. கருவுற்றிருத்தலைக் குறிக்கும் நேரான ஆங்கிலச் சொல் மட்டும் விலக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டு ஜனவரி 19ஆந் திகதி, கதையில் லூசி ஆண்மகவு பெற்ற அதே நாளில், வைத்தியசாலையில் லூசிலும் சத்திரசிகிச்சை மூலம் ஆண்மகவு பெற்றார். அன்றிரவு பார்த்தோர் 4 கோடி 40 இலட்சம் பேர். மறுநாள் நடந்த ஜனாதிபதி ஐசனோவரின் பதவியேற்பைப் பார்த்தோர் 2 கோடி 90 இலட்சம் பேரே.

அதே ஆண்டு செப்டெம்பரில் சோதனை வந்தது. 1936இல் லூசில் பொதுவுடைமைக் கட்சி வாக்காளராகப் பதிவு செய்திருந்தார் என்னும் செய்தி பத்திரிகைகளில் வெடித்தது. அத்தகைய செய்தியால் எத்தனையோ கலைஞர்கள் வேலையிழந்து வீதிக்கு வந்த காலம் அது. பாட்டனாரின் மனத்தை நோகடிக்க விரும்பாது கையொப்பமிட்டதையன்றித் தாம் வேறொன்றுஞ் செய்ததில்லை என்று விசாரணையாளரிடம் அவர் முன்னரே கூறியிருந்தார். செய்தி வெளியான அன்று படப்பிடிப்பு நாள். டெசி சபையினர் முன்வந்து, பொதுவுடைமையாளரால் நாடிழந்து வந்தவர் போலவே உணர்ச்சி ததும்பப் பேசி, லூசியிடம் சிவப்பானது தலைமயிர் ஒன்றே, அதுவும் சாயம் என்று முடித்தார். சபை எழுந்து ஆர்ப்பரித்தது. பணமளித்த கம்பனியும் கைவிடவில்லை. மக்கள் அன்பு என்னும் அரண் இல்லாத பிற கலைஞர்க்கு அத்தகைய மீட்சி வாய்க்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

அதிபர் ஆசனம்

1957இல் தொடர் முடிந்தபோது 180 கதைகள் திரண்டிருந்தன. அவற்றின் உரிமையைச் சி.பி.எஸ். நிறுவனமே பல இலட்சம் டொலர் கொடுத்து வாங்கிற்று. டெசிலு ஆர்.கே.ஓ. படப்பிடிப்பு நிலையங்களை விலைக்கு வாங்கிற்று. ஒருகாலத்தில் தமக்கு இரண்டாந்தர வேடங்களை அளந்து கொடுத்த வளவுக்கு லூசில் உரிமையாளரானார்.

ஆனால் இல்லறம் அதனுடன் உயரவில்லை. டெசியின் குடிப்பழக்கமும் பிறவும் அதனைச் சிதைத்தன. 1960இல் இருவரும் சேர்ந்து நடித்த இறுதிக் காட்சியைப் படம்பிடித்த மறுநாள் லூசில் விவாகரத்துக்கு விண்ணப்பித்தார். 1962இல் டெசியின் பங்குகளை 25 இலட்சம் டொலருக்கு வாங்கி, கம்பனியின் தலைமையைத் தாமே ஏற்றார். கணக்குப் புத்தகமும் நிர்வாகமும் அவர் விரும்பிக் கற்றவையல்ல; வந்த பொறுப்பைத் தட்டாமற் சுமந்தார். 1966இல் 'ஸ்ரார் ரெக்', 'மிஷன் இம்பொசிபிள்' ஆகிய தொடர்கள் அவரது நிறுவனத்திலிருந்து வெளிவந்தன. முன்னதன் முதல் மாதிரிப் படம் ஒளிபரப்பு நிறுவனத்தால் நிராகரிக்கப்பட்டது; செலவைக் கண்டு அவரது சபையினரும் அஞ்சினர். அவர் துணைநின்றதால் அது பிழைத்தது. மறு ஆண்டு கம்பனியை 1 கோடி 70 இலட்சம் டொலருக்கு விற்று, நடிப்புக்கே திரும்பினார். 'த லூசி ஷோ', 'ஹியர்ஸ் லூசி' என்னும் தொடர்களில் 1974 வரை நடித்தார்.

முதுமையில் அவர் வீடற்ற கிழவியாக நடித்த 'ஸ்ரோன் பில்லோ' 1985இல் வந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய புதுத் தொடர் சில வாரங்களிலே நிறுத்தப்பட்டது. அத்தோல்வி அவரைப் பெரிதும் வருத்திற்று. அவ்வாண்டு டிசெம்பர் 2ஆந் திகதி டெசி மறைந்தார். பிரிந்து இருபத்தாறு ஆண்டுகளாகியும் அவர்களுக்கிடையே அன்பு அறவே அற்றுப்போகவில்லை. ஐந்து நாள் கழித்து வாஷிங்டனில் லூசிலுக்கு நாடு அளித்த கௌரவ விழாவில், டெசி இறப்பதற்கு முன் அவருக்காக எழுதிவைத்த வாழ்த்தை வாசித்தனர். கேட்டுக்கொண்டிருந்த லூசிலின் கண்கள் கலங்கின.

1989ஆம் ஆண்டு ஏப்ரில் 26ஆந் திகதி, எழுபத்தேழாவது வயதில் லூசில் போல் காலமானார். நான்கு எமி விருதுகளும், மறைவுக்குப் பின் ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கமும் அவரைச் சேர்ந்தன. நடிக்கத் தெரியாதவள் என்று திருப்பியனுப்பப்பட்ட பெண்ணுக்குச் செலரோன் ஊரார் 2009இல் சிலை வைத்தனர். அச்சிலையின் முகம் அவரைப் போல இல்லையென்று மக்கள் ஓயாது முறையிட, 2016இல், அவரது பிறந்த நாளன்று, வேறொரு சிலையை நாட்டினர். கல்லிலும் வெண்கலத்திலும் பலருடைய முகங்களை உலகம் மறந்துவிடுகிறது. இந்த முகம் சிறிது மாறினாலும் அதனைப் பொறுக்க மக்கள் மனம் இசையவில்லை. தம் வீட்டுக் கூடத்தில் வாரந்தோறும் வந்து சிரிக்க வைத்துச் சென்றவளை அவர்கள் உறவினளாகவே எண்ணினர் போலும்.