வீட்டிலும் வழியிலும் ஒளிப்பதிவு

கண்ணாற் கண்டவற்றைக் கல்லிலே செதுக்கியும் ஏட்டிலே எழுதியும் பாதுகாத்தனர் நம் முன்னோர். ஆயினும் அசைவையும் குரலையும் அவ்வாறு காத்து வைத்தல் அவர்க்கு இயலவில்லை. கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியின் வில்லாற்றல் வன்பரணர் பாட்டினால் இன்றும் விளங்குகின்றது. அவன் குரல் எத்தகையது என்பதையோ எவரும் அறியார்.

இக்குறையை நீக்கவல்ல கருவி வீடியோ கேமராவாகும். படம் பிடித்தலையும் பதிதலையும் ஒருங்கே செய்யும் கையடக்கக் கருவிகள் 1980-களில் விற்பனைக்கு வந்தன. நாடாவிற் பதியும் அக்கருவிகள் இன்று அருகிவிட்டன. அவற்றின் தொழிலைக் கைப்பேசியே மேற்கொண்டுள்ளது. கருவி மாறினும் கையாளும் முறை பெரிதும் மாறவில்லை.

தமிழருள் இக்கலையின் அருமையை முன்னரே உணர்ந்தவர் கோட்டையூரிற் பிறந்த ஏ. கே. செட்டியார். அவர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், அமெரிக்காவிலிருந்து கப்பலிற் செல்லுங்கால், காந்தியடிகளின் வாழ்க்கையைப் படமாக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. கண்டங்கள் பலவும் சுற்றி, முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு பேர் எடுத்திருந்த 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். 1940-இல் வெளிவந்த படத்தின் நீளமோ 12,000 அடியே. படச்சுருள் நிமிடத்திற்கு 90 அடி வீதம் ஓடும். ஆகவே, ஒன்பது மணி நேரத்திற்கு மேற்பட்ட காட்சிகளுள் இரண்டேகால் மணி நேரத்திற்குக் குறைவானவையே எஞ்சின. எடுப்பதினும் விடுப்பது அரிது என்பதை இது காட்டும். திருமண வீட்டு நிகழ்ச்சி முழுவதையும் பதிந்து, அதனை முழுவதும் பார்க்குமாறு விருந்தினரை வருத்துவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அசையும் படம் என்பது உண்மையில் அசையாப் படங்களின் தொகுதியே. நொடிக்கு 25 அல்லது 30 படங்கள் தொடர்ந்து தோன்றுவதால் கண் அவற்றை ஒரே ஓட்டமாகக் கொள்கின்றது. கருவியை விரைந்து திருப்பினால் ஒவ்வொரு படமும் மங்கிக் குழம்பும். ஆகலின், முழங்கைகளை விலாவோடு ஒட்டிக் கருவியை இருகையாலும் பற்றி, ஒரு காட்சியைப் பத்து நொடியேனும் அசைக்காது பதிதல் வேண்டும். அசையவேண்டுவது காட்சியிலுள்ள பொருள், கருவியன்று. தொலைப்பொருளை அண்மையாக்கிக் காட்டும் வசதியைப் பெரிதும் நாடாமல், இயன்றவிடத்துக் காலால் நடந்து அணுகுதலே நன்று.

எருமப்பட்டியிலிருந்து கொல்லிமலைக்குச் செல்லும் மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்துச் சாளரத்தின் வழியே பதிந்தால், வீட்டிற் பார்ப்போர்க்குத் தலைச்சுற்றலே மிஞ்சும். வண்டி நிற்குமிடத்தில் இறங்கி, ஏறிவந்த வளைவுகளையும் கீழே பரந்த சமவெளியையும் ஒருமுறை பதிந்தால் மலையின் உயரம் தானே புலப்படும். ஆகாயகங்கை அருவியில் நீர்த்திவலை கருவியை நனையாமற் காத்தல் வேண்டும். நீராடுவோரை அவர் அறியாமற் பதிதல் பெருங்குற்றம். சந்தையில் வாழைத்தார் விற்கும் மலைவாழ் மக்களிடமும் ஒப்புதல் பெற்ற பின்னரே பதிதல் வேண்டும். பாறை விளிம்பிற் கருவியைப் பார்த்துக்கொண்டே பின்னடி வைத்தலோ உயிருக்கே கேடாய் முடியும்.

வீட்டிற் செய்யும் பதிவு இதனினும் சிறந்தது. ஆயினும், அதனைச் செய்வோர் சிலரே. திண்ணையில் அமர்ந்து சின்ன வெங்காயத்தைத் தாளரிந்து கொண்டிருக்கும் பாட்டியை, வெளிச்சம் முகத்திற் படுமாறு அமரச் செய்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசவைத்தல் வேண்டும். தோட்டத்துக் கிணறு யார் காலத்தில் வெட்டப்பெற்றது, ஏற்றம் இறைக்கும்போது என்ன பாடினர் என்று வினவினால், எந்நூலிலும் இல்லாத செய்திகள் வெளிப்படும். இடையிடையே அவர் மௌனமாயிருப்பினும் கருவியை நிறுத்தலாகாது. நினைவு திரும்புதற்குச் சிறிது நேரம் வேண்டும். படம் சற்று மங்கினும் தாழ்வில்லை, குரல் தெளிவாயிருத்தல் வேண்டும்.

பதிந்ததைப் பேணுதல் மற்றொரு கடமை. செட்டியார் அரிதின் முயன்று எடுத்த படமே பல்லாண்டுகள் எங்குள்ளதென அறியப்படாமற் கிடந்தது. பின்னர் அதன் ஆங்கில வடிவம் அமெரிக்காவிற் கண்டெடுக்கப்பெற்றது. முந்தைய நாடாக்களோ வெப்பத்தாலும் பூஞ்சையாலும் பல வீடுகளிற் பழுதுற்றுக் கிடக்கின்றன. அவற்றை ஓட்டும் கருவிகளும் குறைந்து வருதலால், காலந்தாழ்த்தாது கணினிக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். கைப்பேசிப் பதிவுகளுக்கும் இருவேறு இடங்களிற் படிகள் இருத்தல் நலம். ஒவ்வொன்றிற்கும் நாள், ஊர், காட்சியிலுள்ளோர் பெயர், உறவுமுறை ஆகியவற்றை உடனே எழுதிவைத்தல் வேண்டும். எழுத இயலாவிடின், பதிவின் தொடக்கத்திலேயே அவற்றை வாயாற் சொல்லிவிடலாம்.