மலைநாட்டுச் சக்கரங்கள் – 11: எஞ்சினை இறக்கினால் எவ்வளவு ஆகும்?

பழைய எம்.ஜி. ஒன்றையோ ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் ஒன்றையோ வைத்திருப்பவர் எந்தக் கராஜுக்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். தொழில் தெரிந்த பாஸ் யாரும் நின்ற நிலையில் தொகை சொல்லமாட்டார். "ஹெட்டைக் கழற்றுவோம் சேர், பிறகு பேசுவோம்" என்பார். இது தட்டிக்கழிக்கும் பதில் அல்ல. எஞ்சினுக்குள் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அளக்காமல் சொல்லப்படும் எந்தத் தொகையும் வெறும் வாய்வார்த்தை.

இந்தக் கார்கள் நம் மலைகளில் இவ்வளவு காலம் தங்கியதற்கே ஒரு காரணம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இருக்கிற வண்டியைத்தான் ஓட்டவேண்டும். இடையில், 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறினார்கள். 1934 முதல் நுவரெலியாவில் நடந்துவரும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் இரைந்த சின்னக் கார்கள் கைமாறின. பசறை, நமுனுகுலை, மடூல்சீமைப் பக்கத்து பங்களாக்களில் நின்ற கார்களுக்குப் புது எஞ்சின் கிடைக்காது. பழையதைத்தான் மறுபடி மறுபடி கட்டவேண்டும். இன்று பட்டறைக்கு வரும் எஞ்சின் பெரும்பாலும் ஏற்கெனவே ஒன்றிரண்டு தடவை போர் பண்ணப்பட்ட, அதாவது சிலிண்டர் குடைந்து அகலமாக்கப்பட்ட எஞ்சின். செலவைத் தீர்மானிக்கிற முதல் விடயம் இதுதான்.

ஸ்பிரைட்டை எடுத்துக்கொள்வோம். 1958இல் வந்தபோது அதற்குள் இருந்தது 948 சி.சி. ஏ-சீரிஸ் எஞ்சின். மொறிஸ் மைனர் 1000இல் இருந்ததும் அதே எஞ்சின்தான். ஸ்பிரைட்டுக்கு இரட்டை எஸ்.யூ. காபுரேட்டர், கொஞ்சம் கடினமான வால்வ் ஸ்பிரிங், நல்ல எக்ஸோஸ்ட் வால்வ். அவ்வளவால் மைனரின் 37 குதிரைவலு 43 ஆனது. ஆகவே ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயருக்குப் பயப்படத் தேவையில்லை. நம் ஊரில் மைனர் எஞ்சின் தெரியாத பாஸ் அரிது. அதன் சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் இன்னும் அகப்படும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், உதிரிப்பாகங்களைச் செய்விக்கத் தேடிவந்த நாடும் இலங்கைதான். எம்.ஜி.ஏ. வைத்திருப்பவருக்கும் இதேபோன்ற ஆறுதல் உண்டு. அதன் 1489 சி.சி. பி-சீரிஸ் எஞ்சினும் இந்தியாவின் அம்பாசிடர் காரில் இருந்த பெற்றோல் எஞ்சினும் ஒரே குடும்பம். போரும் ஸ்ட்ரோக்கும் ஒன்றே. ஆனால் சென்னையிலிருந்து வரும் அம்பாசிடர் பிஸ்டனின் தலை அமைப்பையும் கம்ப்ரஷனையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் மாட்டிவிடக்கூடாது.

இனி அளவெடுப்பு. நான் மிகவும் மதிக்கிற வேலை இது. பிளொக்கைக் கழுவி மேசையில் வைத்ததும் போர் கேஜை சிலிண்டருக்குள் இறக்குவார்கள். மேல், நடு, அடி என மூன்று ஆழத்தில் அளவு. ஒவ்வோர் ஆழத்திலும் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று. சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரேயளவாகத் தேயாது. மேல் ரிங் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே அதிகமாகத் தேயும். அதற்கு மேலே தேயாமல் நிற்கும் விளிம்பு விரல்நகத்தில் தட்டும். பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்துகிற திசையில் கூடுதலாகத் தேய்வதால் வட்டம் நீள்வட்டமாகும். பதுளையிலிருந்து ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்கு ஏறும் கார் 680 மீற்றரிலிருந்து 1,400 மீற்றருக்கு மேல் போகிறது. இரண்டாம் கியரில் நீண்ட நேரம் பாரம் இழுப்பதும், தோட்டப் பாதையின் புழுதியை ஏர் கிளீனர் சரியாக வடிகட்டாததும் சிலிண்டர் சுவரிலேதான் எழுதப்படும்.

அளந்தபின் எடுக்கிற முடிவுதான் பணம். பழைய ஆங்கிலேய எஞ்சின்களின் பிஸ்டன்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது, அறுபது பங்கு என ஓவர்சைஸில் வரும். தேய்மானத்தைத் துடைக்க இருபது போதும் என்றால் இருபதோடு நிறுத்தவேண்டும். அலுமாரியில் நாற்பது பிஸ்டன் கிடக்கிறது, இருபதை வரவழைக்க மாதக்கணக்காகும் என்று நாற்பதுக்கு போர் பண்ணுகிறவர்கள் உண்டு. அன்றைய பில் குறையும். ஆனால் அந்த பிளொக்கின் இன்னுமொரு ஆயுள் உலோகத் தூளாகிவிட்டது. பிஸ்டன் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம், பிளொக்கை வாங்கமுடியாது. அறுபதையும் தாண்டிவிட்டால் நான்கு சிலிண்டருக்கும் ஸ்லீவ் இறக்கி ஸ்டாண்டர்ட் அளவுக்குக் கொண்டுவரலாம். அதற்குக் கூலி கூடும், ஆனாலும் நல்ல பட்டறையில் செய்தால் பிளொக் மறுபிறவி எடுக்கும்.

இன்னொன்று: பிஸ்டன் கைக்கு வராமல் போர் பண்ணக் கொடுக்கவே கூடாது. வந்த பிஸ்டனை மைக்ரோமீற்றரில் அளந்து, அதற்கு விடவேண்டிய இடைவெளி எவ்வளவு என்று பார்த்துத்தான் கடைசி வெட்டு வெட்டவேண்டும். அந்த இடைவெளி ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. குறைந்தால் முதல் ஏற்றத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிராங்குக்கும் இதே கணக்குத்தான், திசைமட்டும் வேறு: அங்கே அரைக்க அரைக்க அளவு குறையும், பெயரிங் தடிக்கும்.

இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்திடம் முழு எஞ்சினையும் கொடுத்துக் கட்டி வாங்கினால் பல ஆயிரம் பவுண் ஆகும். அந்த பில்லில் பெரிய பங்கு கைக்கூலி. இங்கே அது தலைகீழ். பிஸ்டன், ரிங், பெயரிங், டைமிங் செயின், ஒயில் பம்ப், கெஸ்கட் செட் எல்லாம் வெளிநாட்டுப் பணத்தில் வருகின்றன. லேத் கூலி ரூபாயில். 2022இன் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. 100 டொலர் பெறுமதியான ஒரு சாமான், கண்ணெதிரே 20,000இலிருந்து 36,000க்குப் போனது. எத்தனையோ எஞ்சின்கள் பாதியில் சாக்கு மூடிக் கிடந்தது அந்த வருடத்தில்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடுகிற பழைய காரின் மதிப்பு ஏறியது. அதைக் கட்டும் செலவும் கூடவே ஏறியது.

இந்தத் தலைகீழ்க் கணக்கில் ஓர் அநியாயம் இருக்கிறது. பிஸ்டன் விற்பவரிடம் பேரம் பேசமுடியாது, விலை அங்கே நிர்ணயமாகிவிட்டது. ஆகவே எல்லோரும் லேத்காரரிடம் பேசுகிறார்கள். பில்லிலேயே மிகச் சிறிய வரியில்தான் பேரம் நடக்கிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்றானது. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் அந்தச் சம்பளத்தில் அதே 100 டொலர் சாமான் 22 நாள் உழைப்பு. லயத்திலிருந்து வந்து பட்டறையில் தொழில் பழகும் பையன் அந்தச் சாமானைக் கையில் வாங்கும்போதே இந்தக் கணக்கை அறிவான். தேயிலைத் தொழிற்சாலைகளில் ரோலருக்கும் டிரையருக்கும் ஷாஃப்ட் திருத்தி, வைட் மெட்டல் ஊற்றி, பெயரிங்கைச் சுரண்டிப் பொருத்திய ஃபிட்டர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். கொழும்புக்கோ கட்டாருக்கோ போனால் கிடைப்பதில் பாதியாவது இங்கே கிடைக்காவிட்டால் அவன் ஏன் நிற்கவேண்டும்? காரை நேசிப்பதாகச் சொல்கிறவர் அந்தக் கூலியைக் கேட்டபடி கொடுப்பதுதான் முறை. பிஸ்டனை நாளைக்கும் கப்பலில் தருவிக்கலாம். போர் கேஜைப் படிக்கத் தெரிந்த கையைத் தருவிக்க முடியாது.

பணத்தை மிச்சம் பிடிக்கக்கூடாத இடங்கள் வேறும் உண்டு. ஏ-சீரிஸ் பிளொக்கின் பின்பக்கம், நான்காம் சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர் வழியில், பல வருடத் துருச் சேறு இறுகிக் கிடக்கும். கோர் பிளக்குகளைத் தட்டிக் கழற்றி, கம்பி விட்டுக் குத்தி, செம்மண்போல வருவது நிற்கும்வரை கழுவவேண்டும். ரேடியேட்டர் புதிதாக இருந்தும் ஏற்றத்தில் கொதிக்கிற கார்கள் பலவற்றில் நோய் இங்கேதான். ஹெட்டும் அப்படியே. 2002 ஜூனில் ஈயம் கலந்த பெற்றோல் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. ஈயம் இல்லாத பெற்றோலில் பழைய வார்ப்பிரும்பு எக்ஸோஸ்ட் சீட் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். தட்டையான ஊர்களில் தாமதமாக, மலையேறும் ஊரில் விரைவாக. ஆயிரத்தில் பன்னிரண்டுக்கு வைத்த டெப்பட் இடைவெளி அடிக்கடி இறுகினால் சீட் இறங்குகிறது என்று பொருள். ஹெட் கழன்று கிடக்கும்போதே கடினமான சீட் போட்டுவிடவேண்டும். பிறகு தனியாகக் கழற்றினால் இரண்டு கூலி.

பழைய எம்.ஜி. டி.சி., டி.டி. கார்களின் 1250 சி.சி. எஞ்சின் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் போல்ட் தலைக்கு விட்வேர்த் ஸ்பானர் பொருந்தும், மரையோ மெட்ரிக். மொறிஸின் எஞ்சின் தொழிற்சாலை பிரெஞ்சு ஹொட்ச்கிஸ் கம்பெனியிடமிருந்து வந்ததன் மிச்சம் அது. பதுளை ஹார்ட்வெயாரில் கிடைத்த போல்ட்டை 'போகிறதே' என்று முறுக்கினால் பிளொக்கின் மரை போய்விடும். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் இடம் எழுதிய சிறு பையில் போட்டு வைக்கும் கராஜில் மட்டும் அந்த எஞ்சினைக் கொடுங்கள்.

கட்டி முடிந்தபின் பழகவிடும் காலம். நம்மவர்கள் பலர் புது எஞ்சினோடு நேரே அப்புத்தளைக்கு ஏறி உறவினருக்குக் காட்டப் போகிறார்கள். வேண்டாம். முதல் சில நூறு மைல் இறக்கமும் ஏற்றமும் கலந்த பாதையில், வேகத்தை மாற்றி மாற்றி, மூச்சு முட்ட இழுக்கவிடாமல் ஓட்டவேண்டும். பின் ஒயிலை மாற்றி, எஞ்சின் ஆறியபிறகு ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கிய வரிசையில் 40 இறாத்தல்-அடிக்கு டோர்க் ஸ்பானரால் மறுபடி இறுக்கி, டெப்பட்டைத் திரும்ப வைக்கவேண்டும். ஏ-சீரிஸுக்கான அளவு இது. இதற்கும் அதே பாஸிடம்தான் போகவேண்டும்; இந்தக் கூலியையும் முதலிலேயே பேசி பில்லில் சேர்த்துவிடுங்கள்.

(தொடரும்)