வால்வும் ராக்கரும் சந்திக்கும் இடம்

தோட்டத்து மக்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளன்று. பொழுது விடியுமுன் வேலைக்காட்டிற்குச் செல்லவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், இரவில் எவருக்கேனும் நோய் கண்டால் பட்டணத்து மருத்துவமனைக்கு விரையவும் அதுவே துணை. ஆகவேதான், முன்னாளில் வாங்கிய ஹோண்டா சி 70 போன்ற வண்டிகளைப் பலர் இன்றும் கைவிடாமல் பழுது பார்த்து ஓட்டி வருகின்றனர்.

இஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் குடைந்து, புதிய பிஸ்டனும் வளையங்களும் போட்ட பின்னரும், சில மாதங்களிலேயே நீலப் புகை கக்கும் வண்டிகள் உண்டு. மீண்டும் சிலிண்டரைக் குடைய வேண்டும் என்பர் பட்டறையில். அதற்கு இசையுமுன் ஒன்றைக் கவனியுங்கள். மேட்டில் பளுவோடு ஏறும்போது தொடர்ந்து புகைந்தால் வளையங்களை ஐயுறலாம். காலையில் கிளப்பியவுடனும், இறக்கத்தில் விசையைக் குறைத்து இறங்கி மறுபடி முறுக்கும்போதும் குபீரெனப் புகைந்தால், குறை பெரும்பாலும் மேலே, வால்வுத் தண்டு ஓடும் குழலில் இருக்கிறது. அக்குழலையே ‘கைடு’ என்கிறோம்.

புதிய கைடு ஏன் இவ்வளவு விரைவில் தேய வேண்டும்? சி 70 இஞ்சினில் கேம் தண்டு சிலிண்டர் தலையிலேயே சுழல்கிறது. கேமின் மேடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனையிலுள்ள திருகாணி வால்வுத் தண்டின் நுனியை அழுத்துகிறது. சிறுவர்கள் ஏறி விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையைப் போன்றதே இது. பலகையின் நுனி வளைந்தே இறங்கும். வால்வோ நேராகத்தான் இறங்க முடியும். ஆதலால் ராக்கரின் முனை வால்வு நுனியின்மேல் சற்றே உராய்ந்து நகர்கிறது. இதை அறவே நீக்க இயலாது; குறைக்கலாம். வால்வு பாதி திறந்த நிலையில், ராக்கரின் அச்சிலிருந்து அதன் முனைக்குச் செல்லும் கோடு வால்வுத் தண்டுக்குச் செங்கோணமாக இருந்தால், உராய்வு மிகக் குறுகி நுனியின் நடுவிலேயே நிற்கும். கோணம் தவறினால் ராக்கர் வால்வை ஒவ்வோர் அழுத்தத்திலும் பக்கவாட்டில் தள்ளும். வட்டமாயிருந்த கைடு நீள்வட்டமாகும். எண்ணெய் உள்ளே இறங்கும்.

புதிய இஞ்சினில் இக்கோணத்தைத் தொழிற்சாலையே அமைத்துவிடுகிறது. அதைக் கெடுப்பது நாம் செய்யும் பழுதுபார்ப்பேயாகும். வால்வு அமரும் இருக்கையை அளவுக்கு மிஞ்சி அரைத்தால் வால்வு உள்ளே புதைந்து, அதன் நுனி ராக்கரை நோக்கி உயர்கிறது. திருகாணியைத் தளர்த்தி இடைவெளியைச் சரிசெய்துவிடலாம். குளிர்ந்த இஞ்சினில் அது 0.05 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமன். இடைவெளி சரியாகிவிட்டது என்பதால் கோணமும் சரியாகிவிட்டது என்று எண்ணுவதே பலரை ஏமாற்றுகிறது. அதோடு, வால்வு புதைந்த அளவுக்கு ஸ்பிரிங்கும் தளர்ந்து வலுவிழக்கும். மலிவு விலை ராக்கர்களும் இத்தொல்லைக்குக் காரணமாகலாம். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட பின்னரே வாங்குவது நன்று.

சோதனை மிக எளிது. வால்வு நுனியில் மார்க்கர் பேனா மையைத் தடவி, ராக்கரைப் பூட்டி, இடைவெளி வைத்து, இஞ்சினைக் கையால் பலமுறை சுற்றுங்கள். பிறகு கழற்றிப் பாருங்கள். மை அழிந்த தடம் குறுகலாக, நடுவில் இருந்தால் கவலையில்லை. அகன்றோ ஓரத்தை ஒட்டியோ இருந்தால் அப்படியே மூடிவிடாதீர்கள். புதைந்த இருக்கைக்குப் பதிலாகப் புது இருக்கை அடிப்பதே முறையான பரிகாரம். நுனியைச் சாணைபிடித்துக் குறைப்பார் சிலர். நுனியின் கடினப்பட்ட மேற்பரப்பு மெல்லியது. அது போய்விட்டால் ராக்கர் விரைவில் குழி பறித்துவிடும்.

சிலிண்டர் தலையின் அடிப்பகுதியை மட்டப்படுத்தச் சீவியிருந்தால் இன்னொன்றும் உண்டு. கேம் தண்டு கீழிறங்குவதால் சங்கிலி தளர்ந்து, வால்வுகள் திறக்கும் நேரம் சிறிது பின்தங்கும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடமும் குறையும். பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சிறிது ஒட்டுங்கள். காந்தச் சக்கரத்தின் ‘டி’ குறியும், கேம் பற்சக்கரத்தின் ‘ஓ’ குறியும் தத்தம் அடையாளங்களுக்கு நேராக நிற்குமாறு சங்கிலியை மாட்டி, இஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் கழற்றினால், களிமண்ணில் வால்வின் பதிவு தெரியும். மிக மெல்லிய இடத்தில் களிமண் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நசுங்கியிருந்தால், அந்த இஞ்சினை உதைத்துக் கிளப்ப வேண்டா. சுற்றும்போது எங்கேனும் தட்டினாலும் கையை நிறுத்திவிடுங்கள். வலிந்து சுற்றினால் வால்வு வளைந்துவிடும்.

பட்டறைக்காரரே வேலையைச் செய்வதாயினும், தலையை மூடுமுன் மைத்தடத்தைக் காட்டுமாறு கேளுங்கள். வேலை தெரிந்தவர் இதற்கு வருத்தப்படமாட்டார்.