செண்பகாதேவி அருவிக்கு நடக்கப் போறீங்களா? முதல்ல மலையைப் பாருங்க!

குற்றாலம் பேரருவிக்கு மேலே, காட்டுக்குள் இருக்கிறது செண்பகாதேவி அருவி. தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 40 மலையேற்றப் பாதைகளில் இதுவும் ஒன்று. 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். அதற்கும் மேலே உள்ள தேனருவிக்குச் செல்லத் தடை.

பிடிமானமுள்ள ஷூ அவசியம்; ஈரக்காட்டில் அட்டைகள் ஏறும். ஆனால் பெரிய ஆபத்து தண்ணீர்தான். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மழை கொட்டியிருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவரின் உயிரைப் பறித்தது.

மலையில் மேகம் இறங்கி, வழிகாட்டி "இன்னைக்கு வேணாம்" என்றால் பேரம் பேசாதீர்கள். இவ்வளவு தூரம் வந்தோமே என்று மனசு அடித்துக்கொள்ளும்தான். பிரானூர் பார்டர் பரோட்டா பக்கத்திலேயே இருக்கிறது!