முண்ணாண் காயமும் கோடை வெப்பமும்

2003 ஆகஸ்ட் 11ஆம் திகதி கிராபுண்டன் மாநிலத்தின் குரோனோ என்னும் சிற்றூரில் 41.5 பாகை செல்சியஸ் வெப்பநிலை பதிவாகியது. அக்கோடையில் சுவிற்சர்லாந்தில் வழமையைவிட ஏறத்தாழ 975 பேர் கூடுதலாக உயிரிழந்தனர். அதன் பின்னர் வெப்ப எச்சரிக்கைகள் முறைப்படுத்தப்பட்டன; முதியோர், கைக்குழந்தைகள், இதய நோயாளர் ஆகியோரைக் கவனிக்குமாறு ஒவ்வோர் ஆண்டும் அறிவுறுத்தப்படுகிறது. முண்ணாண் காயமுற்றோர் இப்பட்டியலில் அரிதாகவே இடம்பெறுகின்றனர். வீதி விபத்தாலோ, கட்டட வேலையில் விழுந்ததாலோ, தாயகப் போரில் பாய்ந்த எறிகணைச் சிதறலாலோ இந்நிலைக்கு உள்ளானோர் நம் குடும்பங்களிலும் உள்ளனர்.

முண்ணாண் காயம் என்றால் நடக்க இயலாமை என்றே பலரும் எண்ணுவர். கண்ணுக்குத் தெரியாத வேறோர் இழப்பும் அதனுடன் உண்டு. உடலின் வெப்பத்தைச் சீராக வைத்திருப்பது மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமஸ் என்னும் சிறு பகுதி. உடல் சூடேறும்போது அது இரண்டு கட்டளைகளை அனுப்புகிறது: தோலின் இரத்தக் குழாய்கள் விரிய வேண்டும், வியர்வை சுரக்க வேண்டும். இக்கட்டளைகள் முண்ணாண் வழியாக இறங்கி, நெஞ்சுப் பகுதியிலும் இடுப்பின் மேற்பகுதியிலும் வெளியேறும் பரிவு நரம்புகளால் உடலெங்கும் சென்று சேர்கின்றன. முண்ணாண் அறுபட்ட இடத்துக்குக் கீழே அவை போய்ச் சேர்வதில்லை. அப்பகுதித் தோல் எவ்வளவு சூடாயிற்று என்ற செய்தியும் மூளைக்குத் திரும்பி வருவதில்லை.

எனவே காயத்தின் மட்டமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இடுப்பு மட்டத்தில் காயமுற்றவருக்கு மேலுடல் முழுவதும் வியர்க்கும், இடர் குறைவு. ஆறாவது நெஞ்சு முள்ளெலும்பின் மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவருக்கு இடர் மிக அதிகம். கழுத்தில் முண்ணாண் முழுமையாக அறுபட்டவருக்கு முகத்தில்கூட வியர்வை சுரக்காமல் போகலாம். ஏனெனில் முகத்துக்கான வியர்வை நரம்புகளும் நெஞ்சுப் பகுதியிலிருந்தே மேலேறிச் செல்கின்றன. அத்தகையவரின் உடல் வெப்பம் சூழலின் வெப்பத்தைப் பின்தொடர்ந்து ஏறும். அவரது தோல் உலர்ந்திருப்பதைக் கண்டு, "இவருக்கு வெக்கை இல்லை" என்று வீட்டார் கருதிவிடுவதுண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது.

சக்கர நாற்காலி றக்பி விளையாட்டில் கழுத்துக் காயமுற்ற வீரர்கள் இடைவேளைகளில் தம்மீது நீர் தெளித்துக்கொள்வதைக் காணலாம். சுரக்காத வியர்வைக்கு அந்நீரே ஈடு. வீட்டிலும் இதுவே சிறந்த வழி. முகம், கழுத்து, கைகள், மார்பு ஆகியவற்றில் தெளிப்பான் போத்தலால் நீரைத் தெளித்து, அதன்மேல் மின்விசிறிக் காற்றைப் படவிட வேண்டும். ஈரமற்ற தோலில் விசிறி மட்டும் சுழன்றால் பயன் சொற்பமே. அறை உடலைவிடச் சூடாக இருந்தால் அது வெப்பத்தையே ஊட்டும். பனிக்கட்டிப் பொதியை உணர்வற்ற தோலில் நேரடியாக வைக்கக் கூடாது. குளிரால் தோல் கருகினாலும் அவருக்குத் தெரியாது. வெயிலில் நின்ற காரின் இருக்கையும் நாற்காலியின் உலோகப் பாகங்களும் அதேபோலச் சுட்டுவிடும்.

நீர் அருந்துவதில் ஒரு சங்கடம் உண்டு. சிறுநீரைக் குழாய் மூலம் குறித்த நேரங்களில் வெளியேற்றுவோர் பலர், வெளியே செல்லும் நாட்களில் குடிப்பதைக் குறைத்துக்கொள்வர். வெப்ப நாட்களில் அது ஆபத்து. குழாயிடும் நேரங்களை நெருக்கமாக்குவதே சரி; எவ்வளவு என்பதை வைத்தியரிடம் அல்லது ஸ்பிற்றெக்ஸ் தாதியிடம் கேட்டறியலாம். சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மருந்துகள் சில, எஞ்சியுள்ள வியர்வையையும் குறைக்கக்கூடியவை. அவற்றைத் தாமாக நிறுத்தாது, கோடைக்கு முன்பே வைத்தியருடன் பேசுவது நன்று.

தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், குழப்பமான பேச்சு ஆகியவை தோன்றினால் உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, ஆடையைத் தளர்த்தி, நீர் தெளித்து, வெப்பமானியால் அளக்க வேண்டும். நினைவு தடுமாறினாலோ வெப்பம் 40 பாகையை எட்டினாலோ தாமதியாது 144ஐ அழைக்க வேண்டும். குளிர்ந்த அறையில் இருந்தும் காய்ச்சல் தணியாவிட்டால் காரணம் வெக்கையல்ல, சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். அதற்கு வைத்தியரே தேவை.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். உயர்மட்டக் காயமுற்றவருக்குத் திடீரெனக் கடும் தலைவலியும், முகச் சிவப்பும், காயத்துக்கு மேற்பட்ட பகுதியில் வியர்வையும் தோன்றினால், அது வெப்பத்தாலன்றி, நிரம்பிய சிறுநீர்ப்பையாலோ மலச்சிக்கலாலோ இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியதன் அறிகுறியாகலாம். இவரைப் படுக்க வைக்கலாகாது. நிமிர்த்தி இருத்தி, சிறுநீர்க் குழாய் மடிந்துள்ளதா எனப் பார்த்து, உடன் தணியாவிடின் 144ஐ அழைக்க வேண்டும்.

மெற்றியோசுவிஸ், நாளின் சராசரி வெப்பநிலை மூன்று நாட்களுக்கேனும் 25 பாகையாக இருக்குமென எதிர்பார்க்கும்போது மூன்றாம் நிலை எச்சரிக்கையையும், 27 பாகையாயின் நான்காம் நிலை எச்சரிக்கையையும் விடுக்கிறது. அந்நாட்களில் காலையிலேயே யன்னல்களையும் வெளிப்புற ஸ்டோரன்களையும் மூடி, இரவில் திறந்துவிட வேண்டும். சுவரில் துளையிட்டுப் பொருத்தும் குளிரூட்டிக்கு வீட்டு உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி தேவை.

முண்ணாண் காயத்துக்கான சிறப்பு மருத்துவமனை, லுட்சேர்ன் மாநிலத்தில் செம்பாக் ஏரிக்கரையில் நொட்வில் என்னும் ஊரிலுள்ள சுவிஸ் பராப்லெகிக்கர் மையம் ஆகும்; 1990இல் திறக்கப்பட்டது. கோடை விடுமுறையில் யாழ்ப்பாணமோ சென்னையோ செல்ல எண்ணுவோர் தம்மைப் பார்க்கும் வைத்தியரிடம் முன்கூட்டியே ஆலோசிக்க வேண்டும். அங்குள்ள ஈரலிப்பான காற்றில் தெளித்த நீர் எளிதில் ஆவியாகாது. ஆகவே இங்கு உதவும் தெளிப்பான் போத்தல் அங்கு அதே அளவுக்கு உதவாது. குளிரூட்டப்பட்ட அறையையும் வாகனத்தையும் பயணச்சீட்டு எடுக்குமுன்னரே உறுதிசெய்துகொள்ளல் அவசியம்.