மலையேறும் மருந்துச் சீட்டு

நாகலூரில் வசிக்கும் ஒருவர் இதய நோய்க்கோ நீரிழிவுக்கோ சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால், ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டும். கையிலுள்ள பணத்துக்கு ஒரு மாத மருந்தை வாங்கிக்கொண்டு மாலைப் பேருந்தில் ஊர் திரும்புவார். அடுத்த மாதம் அதே சீட்டை மலையிலுள்ள கடையில் நீட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சேலத்தில் அந்த மருத்துவரின் வாசலிலேயே கடை வைத்திருப்பவருக்கு அவரது கையெழுத்து பழகிப்போன ஒன்று. மலைமேல் இருப்பவருக்கு அது புதிர். ஊகித்துக் கொடுப்பதா, திருப்பி அனுப்புவதா என்று அவர் தயங்குகிறார். காப்பித் தோட்டக் கூலித் தொழிலாளிக்கு மீண்டும் சேலம் போய்வருவது ஒருநாள் கூலியை இழப்பதாகும்.

ஊகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1995-இல் நடந்ததைச் சொல்லலாம். ஒடெஸா நகரில் நெஞ்சுவலிக்காக ஒரு மருத்துவர் 'ஐசார்டில்' 20 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதினார். மருந்தாளுநர் அதை ரத்த அழுத்த மருந்தான 'பிளெண்டில்' என்று படித்தார். அம்மருந்தின் உச்ச அளவே நாளொன்றுக்கு 10 மில்லிகிராம்தான். நோயாளி மாரடைப்புக்கு உள்ளாகிச் சில நாள்களில் இறந்தார். மருத்துவரும் மருந்துக் கடையும் சேர்ந்து நான்கரை லட்சம் டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று 1999-இல் தீர்ப்பானது.

பெயர் மட்டுமா? இன்சுலின் அளவை 4 என்று எழுதி, 'யூனிட்' என்பதற்கு ஆங்கில எழுத்து 'யு'வைச் சேர்த்தால் அது 40 ஆகத் தோன்றக்கூடும். 1.0 என்பதில் புள்ளி மங்கினால் 10. ஒரு புள்ளியின் விலை ஓர் உயிர்.

நம் நாட்டில் விதிக்குக் குறைவில்லை. மருந்துகளின் மூலப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியைத் திருத்தியது. படிக்கத்தக்க மருந்துச் சீட்டு, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று பஞ்சாப்-ஹரியாணா உயர்நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் கூறியது. மின்னணுச் சீட்டுக்கு மாற இரண்டாண்டு அவகாசமும் அளித்தது. ஆனால், ஒருவரின் கையெழுத்தை ஆணையால் திருத்திவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. கையால் எழுதிய சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதையும் மின்வழிச் சீட்டு என்றே பலர் கருதுகின்றனர். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் அதை அனுமதிக்கவும் செய்கின்றன. ஆயினும் அது கிறுக்கலை விரைவாகக் கொண்டுசேர்க்கிறது, அவ்வளவே. மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றைக் கணினியில் பதிந்து அனுப்பும்போதுதான், ஒவ்வாமை உண்டா, முன்பே உட்கொள்ளும் மருந்தோடு மோதுமா என்று மென்பொருள் எச்சரிக்க முடியும். எஸ்டோனியாவில் 2010 முதல் நோயாளி தம் அடையாள அட்டையுடன் எந்தக் கடைக்குச் சென்றாலும் மருந்து கிடைக்கிறது. கணினியிலும் பிழை நேரும். பட்டியலில் அடுத்த பெயரின்மீது விரல் பட்டுவிடலாம். அதையாவது மருந்தாளுநர் தெளிவாகப் படித்து, ஐயம் எழுப்ப இயலும்.

மருத்துவர்களிடம் இதுபற்றிப் பேசும்போதெல்லாம் நான் கேட்கும் மறுமொழி ஒன்றுதான்: "நேரம் எங்கே இருக்கிறது?" வெளியே நூறு பேர் காத்திருக்கையில் இது நியாயமான கேள்வியே. அமெரிக்கா இதற்குப் பணத்தால் பதில் சொன்னது. 2008-இல் இயற்றிய சட்டத்தின்படி, முதியோர் காப்பீட்டுத் திட்டத்தில் மின்வழியே மருந்து எழுதும் மருத்துவர்களுக்கு 2009, 2010 ஆண்டுகளில் 2 விழுக்காடு கூடுதல் தொகை வழங்கியது. மாறாதவர்களின் தொகையில் 2012 முதல் பிடித்தம் செய்தது. முதலில் வெல்லம், பிறகே பிரம்பு. தனியொருவராகக் கிளினிக் நடத்தும் நம்மூர் மருத்துவருக்கு இலவச மென்பொருளும், பதிவுசெய்ய ஓர் உதவியாளருக்கான மானியமும் தந்தால் போதும் என்பது என் கணிப்பு. அபராதத்தில் தொடங்கினால் பெயருக்கு ஒரு கணினி வாங்கி மூலையில் வைப்பார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது எட்டாத இலக்கன்று. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து இருப்பைக் கணினிவழிக் கண்காணித்துப் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. 2020-இல் 'இ-சஞ்சீவனி' தொலைமருத்துவச் சேவையை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களிலும் நாம் முன்னணியில் இருந்தோம். மருத்துவர் தரும் சீட்டை அதில் நோயாளியே பதிவிறக்கிக்கொள்ளலாம். அரசு மருத்துவமனைகள் முதலில் மாறினால் தனியார் பின்தொடர்வர்.

இரண்டு நிபந்தனைகள் மட்டும் தேவை. சீட்டு மருத்துவமனையின் சொந்தக் கடைக்கோ ஒரு குறிப்பிட்ட செயலிக்கோ மட்டும் போய்ச் சேருமாறு மென்பொருளை அமைக்கக் கூடாது. எந்தக் கடை என்பதை நோயாளியே தீர்மானிக்க வேண்டும். அடுத்து, இணையம் விட்டுவிட்டு வரும் மலைக் கிராமங்களை நினைத்துச் சாதாரணக் கைப்பேசிக்கும் குறுஞ்செய்தியாக ஓர் எண் வரவேண்டும். அந்த எண்ணைச் சொன்னால் ஏற்காட்டுக் கடைக்காரர் தம் கணினியில் சீட்டைத் திறந்து, எந்த மாத்திரையைக் காலையில், எதை இரவில் உட்கொள்வது என்பதைத் தமிழில் அச்சிட்டுத் தந்துவிடலாம்.