கரி எங்கே இருக்கிறது, மருந்து எங்கே போகிறது?

“பிக்கப் இல்லையா சார்? உள்ளே கார்பன் அடைச்சிருக்கு. டீகார்ப் பண்ணிட்டா புது வண்டி மாதிரி ஓடும்.”

கார் வைத்திருப்பவர்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. பெட்ரோல் டேங்கில் ஊற்றும் சிறு பாட்டில், காற்று போகும் வழியில் அடிக்கும் ஸ்ப்ரே, ஸ்பார்க் பிளக் துளை வழியே விடும் திரவம், ஹைட்ரஜன் மெஷின் என்று கரியைக் கரைக்கப் பல வழிகள் விற்பனையில் இருக்கின்றன. செலவு சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகிறது. இவற்றில் சில உண்மையாகவே வேலை செய்கின்றன. சிலவற்றுக்கு அந்த வேலையைச் செய்ய வழியே கிடையாது. பிரித்தறிய ஒரு கேள்வி உதவும்: கரி எந்த இடத்தில் படிந்திருக்கிறது, நாம் விடும் ரசாயனம் அந்த இடத்தைத் தொடுகிறதா?

கரி படியும் மூன்று இடங்கள்

பெட்ரோல் முழுமையாக எரிந்தால் கார்பன் டைஆக்சைடும் நீராவியும்தான் மிஞ்ச வேண்டும். ஆனால் சூடான உலோகத்தின் மேல் பெட்ரோல் துளி விழும்போது அதிலுள்ள லேசான பொருட்கள் உடனே ஆவியாகிவிடுகின்றன. கனமானவையும், ஒலிஃபின் எனப்படும் எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகளும் தங்கிவிடுகின்றன. இவை ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகி, சூட்டில் வெந்து இறுகுகின்றன. இத்துடன் இன்ஜின் ஆயிலும் சேர்கிறது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவை வெளியே விட்டால் காற்று மாசுபடும் என்பதால், அதை மறுபடி இன்டேக் வழிக்கே திருப்பிவிடுகிறார்கள். அதில் ஆயில் ஆவி கலந்திருக்கிறது. வால்வுத் தண்டு வழியாகவும் கொஞ்சம் ஆயில் இறங்குகிறது. ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகம் போன்றவை எரிந்த பின் சாம்பலாக நிற்கும். சாம்பலை எந்தக் கரைப்பானும் எளிதில் கரைக்காது.

ஆகவே நாம் கார்பன் என்று சொல்வது பிசின், புகைக்கரி, ஆயில் எச்சம், சாம்பல் எல்லாம் சேர்ந்த கலவை. இடத்துக்கு இடம் அதன் தன்மை மாறும்.

முதல் இடம் இன்ஜெக்டர் முனை. வண்டியை நிறுத்தியதும் முனையில் ஒட்டியிருக்கும் பெட்ரோல் இன்ஜின் சூட்டில் காய்கிறது. நுண்ணிய துளையில் மெல்லிய படலம் படிந்தாலே தெளிப்பின் வடிவம் கெட்டுவிடும்.

இரண்டாவது, இன்டேக் வால்வின் பின்புறம். இங்கே படியும் கரியில் நுண்துளைகள் அதிகம். காலையில் வண்டியை எடுக்கும்போது தெளிக்கப்படும் பெட்ரோலை அது பஞ்சு போல உறிஞ்சிக்கொள்கிறது. வண்டி திக்கித் திணறி நகர்வதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது, பிஸ்டன் தலையும் எரியறைச் சுவரும். இங்கே படியும் கரி வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கிறது, அறையின் கொள்ளளவையும் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்து நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து எரிவதைத் தூண்டும். நாக் சென்சார் அதை உணர்ந்ததும் கணினி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது. இன்ஜின் பிழைத்துக்கொள்கிறது, இழுவையும் மைலேஜும் குறைகின்றன. ஆனால் எரியறைக் கரி முடிவில்லாமல் வளர்வதில்லை. படலம் ஓரளவு தடித்ததும் அதன் மேற்பரப்பு மேலும் சூடாகி, புதிதாகப் படிவது அங்கேயே எரிந்துவிடும் நிலை வருகிறது.

பெட்ரோலில் கலந்த சோப்பு

1980களில் கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர் பரவலானபோது, இன்ஜெக்டரிலும் வால்விலும் கரி படியும் சிக்கல் வெளிச்சத்துக்கு வந்தது. பிஎம்டபிள்யூ 318ஐ காரை 10,000 மைல், அதாவது சுமார் 16,000 கிலோமீட்டர் ஓட்டி, வால்வுகளைக் கழற்றி எடைபோட்டுப் பார்க்கும் சோதனை அப்போது உருவானது. ஒரு வால்வில் சராசரியாக 100 மில்லிகிராமுக்கு மேல் கரி சேரக்கூடாது என்பது அதன் அளவுகோல். 1995 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லா பெட்ரோலிலும் கரி படியாமல் தடுக்கும் சேர்க்கை கட்டாயமாயிற்று. அரசு வைத்த அளவு போதாது என்று கருதிய பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா நிறுவனங்கள் 2004-ல் ‘டாப் டியர்’ என்ற கடுமையான தரத்தைக் கொண்டுவந்தன. 2016-ல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ சோதித்துப் பார்த்தது. 4,000 மைல் ஓட்டத்துக்கு ஈடான சோதனையில், டாப் டியர் அல்லாத பெட்ரோல் வால்வில் சராசரியாக 19 மடங்கு அதிகக் கரியை விட்டிருந்தது.

இந்தச் சேர்க்கைகளில் முக்கியமானவை இரண்டு: பாலிஐசோபியூட்டிலீன் அமீன், பாலிஈதர் அமீன். இரண்டுமே நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். நைட்ரஜன் உள்ள ஒரு முனை கரியைப் பற்றிக்கொள்கிறது. மறுமுனை பெட்ரோலோடு கலந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துச் செல்கிறது. முதலாவது வால்வை நன்றாகச் சுத்தம் செய்யும். ஆனால் எரியறையில் தன் பங்குக்குக் கொஞ்சம் படிவைக் கூட்டும். பாலிஈதர் அமீன் சூட்டைத் தாங்கி, பிறகு சுத்தமாக எரிந்துபோகும்; எரியறையிலும் வேலை செய்யும். அதனால்தான் டேங்கில் ஊற்றும் நல்ல கிளீனர்களில் இது இடம்பெறுகிறது. பாட்டிலில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பெயரைத்தான். வெறும் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான் ஒரு முழு டேங்க் பெட்ரோலில் கலந்து நீர்த்த பிறகு பெரிதாக எதையும் கரைத்துவிட முடியாது.

ஆக்டேன் எண்ணுக்கும் இந்தச் சுத்திகரிப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆக்டேன் சொல்வது நாக்கிங்கைத் தாங்கும் திறனை மட்டுமே.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் மாற்றிய கணக்கு

பழைய முறையில் பெட்ரோல் இன்டேக் வால்வின் பின்புறத்தில் தெளிக்கப்படும். சேர்க்கை உள்ள பெட்ரோல் வால்வைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். மிட்சுபிஷி 1996-ல் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் காரைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகு, படிப்படியாக மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. இதில் பெட்ரோல் நேராக எரியறைக்குள் 200 பார், 350 பார் போன்ற அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. மைலேஜுக்கும் சக்திக்கும் இது நல்லது. ஆனால் இன்டேக் வால்வின் பின்புறத்தைப் பெட்ரோல் இனி தொடுவதே இல்லை. ஆயில் ஆவி மட்டும் தொடர்ந்து வந்து படிகிறது.

நம் ஊரில் டிஜிடிஐ, டிஎஸ்ஐ என்ற பெயர்களோடு ஓடும் டர்போ பெட்ரோல் கார்கள் இந்த வகை. இவற்றின் டேங்கில் எவ்வளவு உயர்ந்த கிளீனரை ஊற்றினாலும் இன்டேக் வால்வு கழுவப்படாது. இன்ஜெக்டர் முனையையும் எரியறையையும் மட்டுமே அது எட்டும். இதை உணர்ந்துதான் டொயோட்டா சில இன்ஜின்களில் இரண்டு வகை இன்ஜெக்டர்களையும் சேர்த்தே வைக்கிறது.

இந்த வால்வுகளுக்குப் பயன்படுத்துவது ஸ்ப்ரே. இன்ஜினை ஓடவிட்டு, காற்று வழியில் கரைப்பானைத் தெளிப்பார்கள். திரவம் வால்வைத் தொடுவது உண்மை. ஆனால் தொடும் நேரம் மிகக் குறைவு. மென்மையான பிசின் கரையும். வெந்து இறுகிய கரி பெரும்பாலும் அப்படியே நிற்கும். அந்தக் கரிக்கு உறுதியான வழி, இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்வை மூடிய நிலையில் வைத்து, அரைத்த வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் அடிப்பதுதான். கரியைப் பெயர்க்கும் அளவுக்கு ஓடு கடினம்; வால்வைக் கீறாத அளவுக்கு மென்மை. ரசாயனம் எட்டாத இடத்தை இயந்திர முறை முடித்துவைக்கிறது.

கவனம் தேவைப்படும் இடங்கள்

ஸ்ப்ரேயைக் காற்றை அளக்கும் சென்சாருக்கு முன்னால் அடித்தால் அதன் நுண்கம்பி கெடலாம். ஒரேயடியாக அதிகம் விட்டால் திரவம் சிலிண்டரில் தேங்கும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். எரியாமல் வெளியேறும் கரைப்பான் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அது அளவுக்கு மீறிச் சூடாகும். டர்போ இன்ஜினில், பெயர்ந்த கெட்டித் துண்டு வேகமாகச் சுழலும் டர்பைன் இறக்கையில் மோதலாம்.

டீசல் இன்ஜினில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. அதன் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே போகும் எரிபொருளின் அளவு. காற்று வழியே தீப்பற்றும் கரைப்பான் வந்தால் அதுவும் எரிபொருள்தான். இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கலாம். டீசல் கார்களில் புகையைத் திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வும் மேனிஃபோல்டும் அடைத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்வதே பாதுகாப்பு.

ஸ்பார்க் பிளக் துளை வழியே திரவம் விட்டு ஊறவைக்கும் முறை, ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங்குகளை விடுவிக்கப் பல நேரம் உதவுகிறது. ஆனால் அந்தத் திரவம் கீழே இறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். மறுபடி ஸ்டார்ட் செய்வதற்கு முன் மிஞ்சிய திரவத்தை வெளியேற்ற வேண்டும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியே ஆக வேண்டும். இந்தக் கரைப்பான்களின் ஆவி நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடியது. மூடிய ஷெட்டில் நாள்தோறும் இதைச் சுவாசிக்கும் மெக்கானிக்குகளுக்குக் காற்றோட்டமும் கையுறையும் முகக்கவசமும் அவசியம்.

ஹைட்ரஜன் மெஷின்

தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் இன்ஜினுக்குள் விட்டால் கரி எரிந்துபோகும் என்கிறார்கள். இந்த வாயு எரிவது எரியறைக்குள்தான். வால்வின் பின்புறத்துக்குத் தீச்சுவாலை போவதில்லை. அங்குள்ள கரியை அது எரிக்க வழி இல்லை. எரியறையில் ஹைட்ரஜன் எரிந்து உண்டாவது நீராவி. பெட்ரோல் எரிந்தாலும் நீராவி வருகிறது; ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் நான்கைந்து லிட்டர் பெட்ரோலை எரித்து ஓடும் இன்ஜின், அதே அளவு நீரை அதிக வெப்பத்தில் தானே ஆவியாக வெளியேற்றுகிறது. மெஷின் தரும் நீராவி புதிதாக எதையும் செய்துவிடப் போவதில்லை.

சைலன்ஸரில் வரும் கரும்புகையைக் காட்டி “பாருங்க, கார்பன் வெளியே வருது” என்று சொல்வதும் உண்டு. ஸ்ப்ரே முறையில் வருவது பெரும்பாலும் அந்தக் கரைப்பானே அரைகுறையாக எரிந்த புகை. புகையின் அளவு கரைந்த கரியின் அளவைச் சொல்லாது.

சரியான சாட்சி எண்டோஸ்கோப் கேமரா. பிளக் துளை வழியே பிஸ்டன் தலையையும், இன்டேக் வழியே வால்வையும், சுத்தம் செய்யும் முன்னும் பின்னும் படம் எடுக்கலாம். சிலிண்டர் அழுத்தத்தை அளக்கலாம். இன்ஜின் கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைத்துத் திருத்துகிறது என்று பார்க்கலாம். பழைய பிளக், பழுதான இக்னிஷன் காயில், அடைத்த ஏர் ஃபில்டர் ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும் என்பதால் கரியைக் குற்றம் சொல்லும் முன் இவற்றைச் சோதிப்பதே முறை.

கரி சேராமல் காப்பது இன்னும் எளிது. நிறுவனம் சொன்ன தரத்தில் உள்ள ஆயிலை நேரத்துக்கு மாற்ற வேண்டும். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியை அவ்வப்போது நன்கு சூடேறும்படி நீண்ட தூரம் ஓட்ட வேண்டும். இன்டேக் வழியில் தெளிக்கும் பழைய வகை இன்ஜினாக இருந்தால் பாலிஈதர் அமீன் உள்ள கிளீனருக்குப் பலன் உண்டு. டைரக்ட் இன்ஜெக்‌ஷனாக இருந்து இழுவை குறைந்திருந்தால் முதலில் கேமராவைக் கேளுங்கள். கரி இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு செலவழிக்கும் பணம்தான் இன்ஜினைச் சென்று சேரும்.